பதினான்காம் படத்தின் இடுப்பளவு

விடுமுறைத் திங்கள். ஸ்லோவில் மழை.
தொலைக்காட்சியில் மறுபடியும்
யாருக்கும் பிடிக்காத அந்தப் பதினான்காம் படம்.
வில்ஃப் ரிமோட்டைத் தேடுகிறார்.
இருக்கட்டும் என்கிறேன்.

முதல் படத்தில் அவனுக்கு இடுப்பு முப்பத்தொன்று.
ஏழாவதில் முப்பத்து மூன்றரை.
பதினொன்றுக்குப் பிறகு அளவை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.
கோட்டின் உள்ளே, பட்டுக்கும் கம்பளிக்கும் நடுவில்,
இரண்டு விரல் அகல எலாஸ்டிக்.
உலகைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்குண்டு.

ஒரே சட்டையைப் பன்னிரண்டு தைப்போம்.
ஒன்று வெள்ளை வெளேரென்று,
ஒன்று தோளில் குண்டு துளைத்தது,
ஒன்று கூரையிலிருந்து குதிக்கும் பையனுக்கு.
இதோ, இப்போது குதிப்பது டெஸ்மண்ட்.
முதுகைப் பார்த்தாலே தெரியவில்லையா?

பத்திரிகைகள் சிரித்தன:
ஒளிரும் நீர்மூழ்கி,
மகள் வயதில் காதலி,
அட்டைப் பனிமலை.
அட்டைதான். வில்ஃப்தான் வெள்ளை அடித்தார்.

ஆனால் நடுவில் ஒரு படிக்கட்டு வருகிறது.
துரத்திக்கொண்டு ஏறுகிறவன்
பாதியில் நின்று
கைப்பிடியைப் பற்றி அண்ணாந்து பார்க்கிறான்,
இன்னும் எத்தனை படி என்று.

காகிதத்தில் அப்படி இல்லை.
வெட்ட மறந்தார்களோ, மனம் வரவில்லையோ.

அன்று மதியம் என் மேசைக்கு வந்து
“இரண்டு பொத்தான் தளர்த்து, எட்னா” என்றான்.
நேரமில்லை. ஒன்றுதான் முடிந்தது.

மூன்று வினாடி.
அப்புறம் ஹெலிகாப்டர், வெடி, எக்காளம்.
வில்ஃப் குறட்டை விடுகிறார்.
நான் பின்னோக்கி ஓட்டுகிறேன்.

அந்தப் பொத்தானில் நூல் நீண்டு தொங்குகிறது.
இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.
என் கை தானாகக்
கத்தரிக்கோலைத் தடவுகிறது.