நூற்றறுபது கிலோ

புளியரை எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
எம்-சாண்ட், ஜல்லி, வாழைத்தார், வைக்கோல்,
எது மலையேறிப் போனாலும்
முதலில் என் திரையில் ஓர் எண்ணாக வந்து நிற்கும்.
இரண்டு லாரிக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில்
கைப்பேசியில் ரெஜிமோன் வருவார்.

புனலூரில் ஒரு தகரக் கொட்டகை, ஒற்றை டியூப்லைட்.
கீழே சக்கரமில்லாமல் செங்கல் மேல்
உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
அறுபத்தாறாம் வருஷத்து வண்டி, மெட்ராஸில் செய்தது.
முதல் வீடியோவில் பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தார்.
உள்ளே எலிக்கூடு. எலி இல்லை.
தென்னை நாரும் ஒரு பழைய லாட்டரிச் சீட்டும்.

அவர் மலையாளம் எனக்குப் பாதிதான் ஓடும்.
வாய்க்கு வாய் 'துரும்பு, துரும்பு' என்றார்.
காருக்குள் வைக்கோல் எப்படி வந்ததென்று
மூன்று வீடியோ வரைக்கும் யோசித்தேன்.
துருவைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்களாம்.
பீர்முகம்மது அண்ணன் சொன்னார், வைக்கோல் லாரி ஓட்டுபவர்.
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்:
'அப்ப மாசம் பூரா நான் ஏத்திட்டுப் போறது துருவா, பேச்சி?'

ஏழாவதில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.
மேலே வெளிர்நீலம்,
கீழே கல்யாண வாடகைக்கு அடித்த வெள்ளை,
அதற்கும் கீழே பாசிப்பச்சை.
பச்சை தெரிந்ததும் தேய்ப்பதை நிறுத்தினார்.
விரலால் ஒருமுறை தொட்டார், அவ்வளவுதான்.
அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

பதினாலாவது முழுக்க ஒரே ஒரு திருகாணி.
எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், தட்டினார்,
திட்டினார் (அது முழுசாகப் புரிந்தது).
இருபது நிமிஷம் கழித்து அது கிறீச்சென்றபோது
இங்கே நான் கைதட்ட,
காத்திருந்த ஜல்லி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

நாலாவதிலேயே ஆர்.சி. புத்தகத்தைக் காட்டியிருந்தார்.
மற்றவர்கள் பழைய முதலாளி பெயரைப் படித்திருப்பார்கள்.
என் கண் போன இடம் வேறு:
வெற்று எடை, எண்ணூற்றுப் பத்து.

இருபத்தேழில் 'நாளெ எஞ்சின் கேற்றாம்' என்று
கையைத் துடைத்துக்கொண்டார்.
நாளை வரவில்லை.
ஓணத்துப் பூ லாரிகள் போய் ஓய்ந்தன.
நான் பழையதையே முதலிலிருந்து பார்த்தேன்.

ஒரு வியாழன், விடிய இன்னும் நேரமிருந்தது.
எஸ் வளைவில் இறங்கி வந்தது சின்ன ஐச்சர் ஒன்று.
தார்ப்பாய் போட்டு இறுக்கிய சுமை.
கயிறு தளர்ந்த மூலையில்
உள்ளங்கை அகலத்துக்குப் பாசிப்பச்சை.
ஓட்டுநர் புதுப்பையன். சிவகாசிக்கு என்றான்,
யாருக்கென்று தெரியாது என்றான்,
வாடகை எடைக் கணக்கு, சீட்டு வேணும் என்றான்.

ஓட்டுநரை இறங்கச் சொல்வது என் வழக்கமில்லை.
அன்றைக்குச் சொன்னேன். கிளீனரையும். தண்ணீர்க் கேனையும்.
காற்று அடங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நின்றேன்.

மொத்தம் மூவாயிரத்து எழுநூற்று எழுபது.
கதவில் எழுதியிருந்த வெறும் எடை
மூவாயிரத்து நூற்றிருபது.
கழித்தேன். பேனா மாற்றி மறுபடி கழித்தேன்.
அறுநூற்றைம்பது.
நூற்றறுபது கிலோ குறைகிறது.
எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்தால் அவ்வளவு இருக்கும்.
தார்ப்பாயை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை.
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்தேன்.

பத்து நாள் கழித்து இருபத்தெட்டு வந்தது.
இரும்புச் சட்டத்தில் எஞ்சின் மட்டும்,
தலைகீழாய்க் கட்டிய பாட்டிலில் பெட்ரோல்,
ஒரு பேட்டரி, இரண்டு வயர்.
மூன்று முறை இருமியது. நாலாவதில் பிடித்துக்கொண்டது.
ரெஜிமோன் சிரித்தார், கண்ணைத் துடைத்தார்,
புகை என்றார்.
கேமரா ஒருமுறைகூட வலப்பக்கம் திரும்பவில்லை.
அங்கே செங்கல் மட்டும் இருக்கும்.

வெளியே வைக்கோல் லாரி மேடை ஏறியது.
சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு
எண் நிற்கும்வரை காத்திருந்தேன்.