மணலைத் தவிர

பெட்டி நிறைய மணல் இருக்கிறது.
மூட்டை பதினோரு யூரோ.
பிபிராஸ் அதில் ஏறி உட்காருகிறான்,
எங்கோ தூரத்தைப் பார்த்தபடி காரியத்தை முடிக்கிறான்,
பிறகு திரும்பிச்
சுவரைப் பிறாண்டுகிறான்.

சுவரை. பெட்டியின் பிளாஸ்டிக் விளிம்பை.
துணி துவைக்கும் இயந்திரத்தின் வெள்ளை விலாவை.
தொங்கும் துண்டின் நுனியை.
ஒருமுறை, பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த
என் காலை.
மூட வேண்டியது மட்டும்
ஆவி பறக்கத் திறந்தே கிடக்கிறது.
பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமாம்.
இவன் சுவரைச் சுரண்டினால்
எல்லாம் மூடியாயிற்று.
வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான்.

இது நடப்பது அதிகாலை மூன்றே முக்காலுக்கு.
ஐந்து மணிக்கு முதல் டிராலிபஸ்ஸை எடுக்க வேண்டியவள் நான்.

கௌனாஸ், ஷிலைனேய், ஒன்பது மாடிக் கட்டடம்.
சீட்டுக்கட்டு போலக் காங்கிரீட் பலகைகளை
நிறுத்திக் கட்டிய வீடுகள்.
சுவருக்கும் காது உண்டு என்பார்கள்,
இங்கே சுவரே காதுதான்.
ஒருவர் தும்மினால் மூன்று வீட்டார்
'நலமாக இருங்கள்' என்று சொல்லலாம்.
யாரும் சொல்வதில்லை.
பக்கத்து வீட்டுக்காரரை ஆறு வருடமாக
லிஃப்டில் பார்க்கிறேன்:
ஒரு தொப்பி, பை நிறைய பீட்ரூட்,
தரையைப் பார்க்கும் கண்கள்.

மருத்துவர் பெட்டி சிறிது என்றார். பெரிதாக வாங்கினேன்.
மணல் கூர்மை என்றார். மாவு போன்றதை நிரப்பினேன்.
மூடியைக் கழற்றினேன்.
வசதி கூடியதில் பிபிராஸ்
இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகச்
சுவரைப் பிறாண்டினான்.

"எங்கே கிடைத்தான்?"
பணிமனையில், பழைய டயருக்குள், மூன்று வாரக் குட்டியாக.
"அப்படியானால் பாதிதான் தெரிந்திருக்கிறது.
பிறாண்ட வேண்டும் என்று தெரியும்.
எதை என்று தெரியாது."
அந்த வாக்கியத்தைப் பயணச்சீட்டு வாங்காத ஆள்போல
சவனோரியூ சாலை முழுக்க ஏற்றிக்கொண்டு போனேன்.

நவம்பரில் கதவுக்கடியில் ஒரு தாள்.
கட்டம் போட்டது. எழுத்துகள் நிமிர்ந்து நின்றன.

'முப்பத்தேழாம் எண் வீட்டுக்கு.
இரவில் யாரோ சுவரைச் சுரண்டும் சத்தம்.
விழுந்துவிட்டீர்களா? எழ முடியவில்லையா?
மூன்று முறை தட்டிப் பார்த்தேன்.
தட்டியதும் சத்தம் நின்றுவிடுகிறது.
அதுதான் எனக்கு அதிகக் கவலை.
ராபோலாஸ், முப்பத்தெட்டு.'

அந்தத் தட்டல்களை நான்
வெந்நீர்க் குழாய் என்று நினைத்திருந்தேன்.

பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மணியை அழுத்தினேன்.
கதவு திறந்தது. தொப்பி இல்லாத தலை.
"இதுவா?"
"இவன்தான்."
முகத்தில் நிம்மதி வந்தது, உண்மை,
அதன் ஓரத்தில் துளி ஏமாற்றமும்.
அவருக்குப் பின்னால், மேல்கோட்டுகளுக்கு அடியில்
ஒரு கடப்பாரை சாய்ந்திருந்தது.
புத்தம் புதியது. விலைச்சீட்டு இன்னும் கழற்றவில்லை.

அதன் பிறகு
மூன்றே முக்காலுக்கு இவன் பிறாண்டுவான்,
அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தட்டு வரும்.
லிஃப்டில் நாங்கள் இப்போதும் அதிகம் பேசுவதில்லை.
ஒருநாள் இரண்டு பீட்ரூட் கொடுத்தார்.

பிப்ரவரியில் பிபிராஸுக்குச் சிறுநீர் அடைத்தது.
மருத்துவமனையில் விட்டு வந்தேன்.
அந்த இரவு பெட்டி, சமன் செய்த மணலோடு,
ஒரு கால்தடமும் இல்லாமல் இருந்தது.
தூக்கம் வரவில்லை.
மூன்றே முக்கால்.
மூன்று ஐம்பது.
பிறகு தட்டினார்.
ஒன்று. சற்று இடைவெளி. மூன்று.
கடப்பாரை நினைவுக்கு வந்தது.

குளியலறைக்கு ஓடி, விளக்குப் போடாமல்,
பெட்டிக்கருகே மண்டியிட்டேன்.
அவன் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாக்கிய
அதே இடத்தைக் கையால் தேடி,
நகங்களால் பிறாண்டினேன்.

பூச்சு கொஞ்சம் நகக்கண்ணுக்குள் போனது.
காலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான்
வலி தெரிந்தது.