மௌனத்துக்கு ஒரு கட்டம்

காட்பாடியில் மாடி வீடு. மே மாதம்.
நிலவில் ஆறு பேர் வாழ
நாங்கள் ஐந்து பேர்
தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அல்மாட்டியிலிருந்து அய்கெரிம், மருத்துவம்.
கிசுமுவிலிருந்து ஒதியாம்போ, விண்வெளிச் சட்டம்.
இம்பாலின் தொய்பி, பொருளறிவியல்.
வாணியம்பாடி சபிஹா, கழிவுநீர் வேதியியல்;
தோல் தொழிற்சாலைத் தண்ணீரை மூன்று வருஷம் முகர்ந்தவள்.
நான் பேரணாம்பட்டு, இயந்திரவியல்,
கூடவே குழுவின் கணக்குப்பிள்ளை.

முதல் வாரம், பாலத்தின் மேல் பேருந்து ஏறியதும்
"பாலாறு" என்று காட்டினேன்.
ஒதியாம்போ இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.
மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
"வருமா?" என்று மட்டும் கேட்டான், ஏரிக்கரையில் பிறந்தவன்.
"வரும். சொல்ல முடியாது."
அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்,
ஏதோ ஒப்பந்த வாசகம் போல.

ஆளுக்கு நாளைக்குப் பதினோரு லிட்டர். என் எண்.
"மிச்சம் எவ்வளவு வைத்தாய்?" என்றாள் அய்கெரிம்.
எனக்கு மிச்சம் என்றால்
குழாய் வெடிக்காமலிருக்க விடும் இடைவெளி.
அவளுக்கு, காய்ச்சலில் படுத்தவனின் நான்காம் நாள்.
ஒதியாம்போவுக்கு,
யாருக்குச் சொந்தமென்று இன்னும் தீர்ப்பாகாத பாகம்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சண்டை.
சபிஹா இரண்டு முறை கதவைச் சாத்தினாள்.
தொய்பி ஒன்றும் சொல்லவில்லை.
அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே
'சம்மதம்' என்று போட்டேன்.
மௌனம் சம்மதம்தானே, எங்கள் பக்கம்.

அந்த வாரம் தண்ணீர் லாரி வரவில்லை.
போன் செய்தால், "வந்துக்கிட்டே இருக்குது சார்."
தொட்டியின் அடியில் சொம்பு உரசும் சத்தம்.

மூன்றாம் நாள் காலிக் குடங்களை அடுக்க
தொய்பியின் மேசையை நகர்த்தினேன்.
பின்சுவரில் சாக்பீஸ் கோடுகள், ஐந்து வரிசை.
அந்தச் சுவருக்கு அப்பால் குளியலறை.
ஒரு சொம்பு, ஒரு கோடு.
முப்பத்தொரு நாள் காதால் அளந்திருக்கிறாள்.

"இதைப் போயா எண்ணுவாங்க?" என்று சபிஹா கத்தினாள்.
"சாட்சியம்தான்," என்றான் ஒதியாம்போ,
"ஆனால் அனுமதியின்றி எடுத்தது."
இருக்கிறதிலேயே நீளமான வரிசை என்னுடையது.
அய்கெரிம் குனிந்து
மூன்று வரிசைகளில் மட்டும் மேடிடும் இடங்களை
விரலால் தொட்டாள்.
"மாதத்தின் இந்த நாட்கள்
உன் பதினொன்றில் எங்கே இருக்கின்றன?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அது சம்மதமில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன் தொய்பியிடம், பிறகு.
"எண்ணி முடிக்கவில்லை.
அதற்குள் என் பதிலை நீயே எழுதிவிட்டாய்."

அட்டவணையில் இப்போது ஒரு கட்டம் கூடுதல்:
'இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.'
பெரும்பாலும் அதில்தான் இருக்கிறோம், ஐந்து பேரும்.
எண் பத்தொன்பதில் நிற்கிறது.
ஒதியாம்போ ஒப்பவில்லை.
மிச்சம் என்ற சொல்லை யாரும் இப்போது
தனியாக விடுவதில்லை;
யாருடைய மிச்சம் என்று கேட்கிறோம்.

விடியற்காலை நாலு மணிக்கு லாரி ஹாரன்.
சபிஹாவின் செருப்பை மாட்டிக்கொண்டு ஒதியாம்போ ஓடினான்.
அய்கெரிம் கையில் சோற்றுக் குண்டான்.
படியிறங்கிய வேகத்தில் நேரே குழாயருகே போய்விட்டோம்.
"நிலாவுக்குப் போறவங்களா இருந்தாலும்
வரிசையில நில்லுங்க" என்றார் எதிர்வீட்டு சுலோசனா.

நின்றோம்.
எங்களுக்கு முன்னால் பதினான்கு குடம்.
தொய்பி எண்ணினாள்,
இந்த முறை சத்தமாக.