அதே கைப்பேசி எண்

தை மாதம். அறுவடை இயந்திரங்கள் போன தடத்தில்
திருத்துறைப்பூண்டி முழுக்க வைக்கோல் தூசி.
கிளையின் மின்விசிறி அதையே
சுற்றிச் சுற்றி எங்கள் மேல் போடுகிறது.

நான்கு விண்ணப்பங்கள், ஒரே பேனா.
பக்கிரிசாமி, வேம்பையன், காத்தாயி, தையல்நாயகி.
நான்கு பேருக்கும் தொழில் விவசாயம்.
நான்கு பேருக்கும் இரண்டரை ஏக்கர், குத்தகை.
நான்கு பேருக்கும்
ஏழு ஏழு மூன்றில் முடியும்
அதே கைப்பேசி எண்.

அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் குலோத்துங்கன்
எனக்கு எதிர் நாற்காலியில் இருக்கிறார்.
காவலருக்கு டீ வாங்கிக் கொடுத்தாயிற்று.
"கேளுங்க மேடம், நான் சொல்றேன்."
முதல் கேள்வி:
நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?

அவர் போனதும் நால்வரும்
கண்ணாடிக் கதவையே பார்த்தார்கள்,
மதகு திறக்கிறவன் வருவானா என்று.

படத்தில் காத்தாயிக்கு மூக்குத்தி இருக்கிறது.
எதிரில் நிற்கிற காத்தாயிக்குத் துளை மட்டும்.
அடகுச் சீட்டு
அடையாளச் சான்று ஆகாது.

ஆதார் அட்டையில் தையநாயகி.
குடும்ப அட்டையில் தையல்நாயகி.
நடுவே ஒரு ‘ல்’ எங்கோ தவறி விழுந்திருக்கிறது.
எனக்கும் அப்படித்தான். பள்ளிச் சான்றிதழில் நூர்ஜகான்,
பான் அட்டையில் நூர்ஜஹான்;
இரண்டும் ஒருத்திதான் என்று
நோட்டரியிடம் இருநூறு கொடுத்து
நானே எனக்குச் சாட்சி சொன்னவள்.
அதனால் எழுத்துப் பிழைக்கு நான் பயப்படுவதில்லை.
பிழையே இல்லாத இரண்டரை ஏக்கருக்குத்தான்.

"வயல் எந்தப் பக்கங்க?"
"எந்த வயல்?"
"உங்க வயல்."
சிரித்துவிட்டாள் தையல்நாயகி.
"நடவுக்குப் போற வயலெல்லாம் நம்ம வயல்னா
கோட்டூர் வரைக்கும் நம்மளோடதுதான்."
பக்கிரிசாமி இருமினார். அவள் நிறுத்தவில்லை.
கையெழுத்துக்கு முந்நூறு, பஸ் காசு தனி,
அட்டையும் பாஸ்புக்கும் அவரிடமே இருக்கும்,
கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவது அவர்,
பணம் வந்து இறங்குவது இவர்கள் பெயரில்.
நேற்று மழை பெய்தது என்கிற குரலில் சொன்னாள்.

கருவியில் கட்டைவிரலை வைத்தாள்.
முதல் முறையே பச்சை.
அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
இவள் இவள்தானா?
ஆம், இவள்தான்.
யாருடைய நெல்லுக்காக இவள் இவளாக இருக்கிறாள்
என்று கேட்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மார்ச்சுக்குள் எண்பது கணக்கு என்று
மேலாளர் அறைச் சுவரில் எழுதியிருக்கிறது.
எழுபத்தொன்று ஆகியிருக்கிறது.
நான்கையும் திருப்பிக் கொடுத்தேன்.
குலோத்துங்கன் கோபப்படவில்லை.
"ரயிலடிப் பக்கம் இன்னொரு பேங்க் இருக்கு மேடம்"
என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.
மூன்று பேர் அவர் பின்னால் போனார்கள்.

தையல்நாயகி மட்டும் நின்றாள்.
"முந்நூறு போச்சு" என்றாள். திட்டவில்லை;
கணக்குச் சொன்னாள்.
ஒரு நாள் கூலியை இந்த மேசையில் வைத்து
நான் ரத்து செய்திருக்கிறேன். எந்தப் படிவத்திலும்
அதற்குக் கட்டம் இல்லை.
பிறகு கேட்டாள்,
"எனக்கே எனக்குன்னு ஒண்ணு போட முடியுமா?"
கைப்பேசி எண் கேட்டேன். இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தாள்.
உள்ளங்கையில் பத்து எண்கள், நீல மையில்;
வேர்வையில் ஓர் ஆறு
எட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தது.
தொழில்: விவசாயக் கூலி. நிலம்: இல்லை.
அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன்,
விட்டுப்போன ‘ல்’லுக்கு ஓர் உறுதிமொழித் தாளும்.
சரிபார்க்க அந்த எண்ணை அழைத்தேன்.

அவள் மடியில், உரச்சாக்கு நூலால் கட்டிய
பிளாஸ்டிக் உறைக்குள், ஏதோ அதிர்ந்தது.
எடுங்கள் என்றேன்.
எதுக்கு என்றாள்,
நீங்கதான் முன்னாடியே இருக்கீங்களே.