கதவு சீவிய கணக்கு

அட்ஜாரா மேல்மலையில்
ஹேசல் தோப்புக்கு மேலே மூன்று துளை போட்டோம்.
மூன்றும் மூன்று விதமாய்ச் சாட்சி சொல்லின.
ஒன்றில் களிமண் நகத்தை விடவில்லை.
ஒன்றில் எடுத்ததுமே உதிர்ந்தது.
கடைசியில், பதினோரு மீட்டருக்கடியில்,
ஈரச் சோப்பைப்போல ஒரு சாம்பல் பட்டை.
விரல் தடிமன்தான்.

மலையை முக்கோணங்களாய் நறுக்கிக்
கணினிக்குள் அடுக்கினேன்.
ஒட்டும் வலு, உராயும் கோணம், ஊறும் நீர்:
ஒன்றுக்கும் ஒற்றை எண் கிடையாது.
கீழே ஒரு வரம்பு, மேலே ஒரு வரம்பு,
நடுவில் என் ஊகம்.
பகடையைப்போல் எண்களை உருட்டிப்
பத்தாயிரம் முறை மழை பெய்யவிட்டேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை
மலை இறங்கியது.

"அதில் நாங்கள் எத்தனையாவது?" என்றார் முர்மான்,
சோளரொட்டியைப் பிட்டபடி.
கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.

நூற்றுக்கு மூன்று என்றேன்.
ஐந்தைத் தாண்டினால்தான்
பதூமியில் கோப்பு நகரும் என்பதைச் சொல்லவில்லை.

எழுந்துபோய்ப் பின்கதவைத் தட்டிக் காட்டினார்.
"மார்ச்சில் சீவினேன். மே மாதம் சீவினேன்.
போன வாரமும். மறுபடி இடிக்கிறது."
அடுப்பு மூட்ட வைத்திருந்த சாக்கில்
செஸ்ட்நட் மரச் சுருள்கள், பாதி எரிந்து தீர்ந்தவை.

மண்டியிட்டு அளந்தேன்.
நிலைக்கால் பதினான்கு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது,
பள்ளத்தாக்கைப் பார்த்து.
என் கருவிகள் வந்து பத்து நாள்.
இழைப்புளி மார்ச்சிலிருந்தே
பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால்
சாம்பல் பட்டை ஏற்கெனவே வழுக்கியிருக்கிறது.
ஒருமுறை வழுக்கியதற்கு
முழு வலு எழுதுவது பொய்.
மிச்ச வலுவை மட்டும் கொடுத்து
முதலிலிருந்து ஓடவிட்டேன்.

பசு இந்த வாரம் கன்று போடும்,
அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார் முர்மான்.
குல்னாஸி எனக்கு இன்னொரு கம்பளம் கொண்டுவந்தாள்.
கடைசி வண்டி போய்விட்டிருந்தது.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மலையிலேயே
கால் நீட்டிப் படுத்தேன்.

மேசைமேல் கணினியின் விசிறி இரைகிறது.
நாலாயிரம் ஓட்டத்தில்
எண்ணூற்று அறுபது தடவை
இந்த வீடு ஆற்றில் கிடக்கிறது.
இன்னும் ஆறாயிரம் பாக்கி.

வெளியே தூறல்,
நான் கொடுத்த வரம்புக்குள்தான்.
பின்கதவை
இன்றிரவு யாரும் சாத்தவில்லை.