தீப்பெட்டியில் இரண்டு கல்

ஷ்னேபெர்க் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
எனக்கு வருவதெல்லாம் கல்.
ஆள் வருவதில்லை, உறைதான் வரும்:
வயது, ஆணா பெண்ணா, இடமா வலமா,
வலி தொடங்கிய தேதி.

திங்களன்று வந்தது ஒரு தீப்பெட்டி.
உள்ளே பஞ்சு.
பஞ்சில் பட்டாணியில் பாதியாய்
தேன் பழுப்பில் இரண்டு.
கூடவே ஒரு சீட்டு,
எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாய் நின்றது:

"ஒன்று ஷ்லேமா யுரேனியச் சுரங்கத்தில் பெயர்த்தது.
அறுபத்தொன்றாம் ஆண்டு. வாசல் சோதனையில்
நாக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்தேன்.
மற்றது போன வருடம் நானே பெற்றது.
பதினோரு மணி நேரம்.
இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டது என் மடமை.
சுரங்கத்துக் கல்லுக்கு நூற்றெண்பது யூரோ தர
கெம்னிட்ஸில் ஒருவர் இருக்கிறார்.
எது எது என்று இயந்திரத்தைக் கேட்டுச் சொல்லவும்.
லோட்டர் வைஸ்ஃப்ளோக்."

காசைச் சுண்டிப் பார் என்றாள் ரோஸ்விதா.

ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிகிராம் சுரண்டினேன்.
அகேட் உரலில், பொட்டாசியம் புரோமைடோடு
மாவிலும் மாவாய் அரைத்தேன்.
அந்த உப்பு ஈரத்துக்கு அலையும்.
மூச்சை அடக்கித்தான் வேலை.
அழுத்தி எடுத்தால் கண்ணாடி வட்டு,
மீன்செதிளை விடக் கொஞ்சம் தடிப்பு.

கண்ணுக்குத் தெரியாத சிவப்பு அதில் நுழையும்.
சந்தை இரைச்சலில்
தன் பேரைக் கூப்பிட்டால் மட்டும் திரும்புகிறவர்கள் போல
ஒவ்வொரு பிணைப்பும்
தன் அதிர்வுக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
எடுத்த இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கும்.

முதல் கல்:
ஆயிரத்து அறுநூற்று இருபதில் ஒரு பள்ளம்.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழில் ஒன்று, செங்குத்தாக.
எழுநூற்று எண்பதில் ஒன்று.
இரண்டாம் கல்:
அதே. அதே. அதே.
ஒன்றன்மேல் ஒன்றை வைத்தேன்,
ஒரே கோடு.

கால்சியம் ஆக்சலேட், கூட ஒரு நீர்.
கனிமக்காரர்கள் அதை வெவெல்லைட் என்பார்கள்,
சிறுநீரக மருத்துவர் "தண்ணீர் குடியுங்கள்" என்பார்.
கல்லில் ஏது ஈரம் என்று கேட்கிறவர்களுக்கு:
மூவாயிரத்துக்கு மேலே
ஐந்து சின்னப் பள்ளங்கள்,
ஐந்தும் நீர்.
படிகத்துக்குள் மாட்டிக்கொண்டு
வெளியேற வழியில்லாமல்
ஆடிக்கொண்டே இருக்கிறது.

பாறை இடுக்கில் கசிந்து சேர்ந்ததற்கும்
ஒரு மனிதனின் இடப்பக்கத்தில்
கீரையும் தாகமுமாய்ச் சேர்ந்ததற்கும்
வேறுபாடு காட்ட மறுத்தது இயந்திரம்.
எனக்கு அது பிடித்திருந்தது,
கடிதத்தில் எழுத முடியாவிட்டாலும்.

புதன்கிழமை, காபி ஆறும்வரை
சும்மா பெரிதாக்கிப் பார்த்தபோதுதான்
ஆயிரத்து முப்பதுக்குப் பக்கத்தில்
இரண்டாம் கல்லின் கோடு
படி தவறியவன் கால்போலச் சற்றே தாழ்ந்தது.
பாஸ்பேட். எலும்பின் சரக்கு.
நூற்றில் இரண்டு பங்குகூட இருக்காது.
இன்னொரு தரம் அரைத்தேன்.
இன்னொரு தரமும் தாழ்ந்தது.

தீப்பெட்டிக்குள் கோடு கிழித்து
இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் நீங்கள்
என்று எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி.
மூச்சுக்கு நடுவே பேச்சு,
அங்கே வேலை செய்தவர்களின் மூச்சு.
"நிச்சயம்தானா?"
நிச்சயம்தான்.
"மாறி இருக்கிறதே.
வருடம் பூராவும் நான் திட்டித் தீர்த்தது
சுரங்கத்துக் கல்லையா?
மற்றதை, பாருங்கள்,
வாரம் தவறாமல் துணியால் துடைத்தேன்."

சிரிக்கிறாரா இருமுகிறாரா
தெரியவில்லை.
எதை விற்பீர்கள் என்று கேட்டேன்.
"கெம்னிட்ஸ்காரரிடம் உங்கள் இயந்திரம் இருக்கிறதா?"
என்றார்.

உரலைக் கழுவிக் கவிழ்த்தேன்.
அடுத்த உறை:
பெண், நாற்பத்தொன்று, வலது,
ஞாயிறு இரவிலிருந்து.