பதினொன்று பத்து

பெயரின் மேல் கறுப்புப் பட்டை இழுக்கிறேன்.
பிறந்த தேதியின் மேல்.
முப்பத்தோரு வருடம் அவர் எஞ்சின் அறையில் நின்ற
இரும்புத்தாதுக் கப்பலின் பெயர்மேல்.
மனைவி நான்கு இடங்களில் வருகிறார்,
நான்கிலும் தேடி மறைக்கிறேன்.
விண்ணப்பத்தோடு மாதிரி அறிக்கை இரண்டு வேண்டுமாம்,
ஆள் யாரென்று தெரியக் கூடாதாம்.
மறைத்தது போக மிஞ்சியவர்:
எழுபத்து நான்கு வயது, வலக்கைப் பழக்கம்,
பன்னிரண்டு வருடப் படிப்பு,
குறித்த நேரத்துக்கு முன்பே வந்திருந்தார்.

துலூத்தில் டிசம்பர்.
ஏரி இன்னும் உறையவில்லை, புகைகிறது.
பக்கத்து மேசை டெஸ்ஸா பதினான்கு ஊர்களுக்கு அனுப்புகிறாள்.
நான் ஒன்பது.
ஏன் நரம்பு உளவியல் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும்.
மூளை ஒரு புதிர் என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.
சின்ன வயதிலிருந்தே என்று தொடங்கி
அதையும்.
சின்ன வயதில் நான் ஆசைப்பட்டது
ஹாக்கி மைதானத்தில் பனி வழிக்கும் வண்டியை ஓட்டுவதற்கு.

ஜனவரியில் நேர்காணல். திரையில் ஆறு சதுரம், ஆறு முகம்.
ஒருவர் என்னை டாக்டர் லெடீன் என்றார்.
ஜூன்வரை பொறுங்கள் என்றேன், இரண்டு சதுரம் சிரித்தன.
கீழே பைஜாமா, மேலே கோட்டு.
பிறகு கேட்டார்கள்:
நீங்கள் செய்த பிழை ஒன்றைச் சொல்லுங்கள்.

அதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தேன்,
வேலையை அதிகமாக இழுத்துப் போட்டுக்கொள்வேன் என்று,
பிழைபோலத் தோன்றும் பெருமை.
வாயைத் திறந்தால் கப்பல்காரர் வந்து நின்றார்.

பதினாறு சொற்கள், நொடிக்கு ஒன்றாக வாசித்தேன்.
நான்கு திரும்பி வந்தது.
மறுபடி வாசித்தேன், ஐந்து.
மறுபடி, நான்கு.
கற்றல் வளைவு தட்டை என்று
என் மனம் அப்போதே அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டது.
அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.
நானும் ஆட்டினேன்.
இரண்டு மணி நேரம் இப்படி.

கடைசியாகக் கடிகாரம்.
லெவன் டென் வையுங்கள் என்றேன்.
வட்டம், எண்கள், இடைவெளி எல்லாம் ஒழுங்கு.
குட்டை முள் ஏழில்.
நெட்டை முள், பலரும் பத்தில் கொண்டுபோய் வைப்பது,
இரண்டில் கச்சிதமாக நின்றது.
தப்பான நேரத்தை
இவ்வளவு சரியாக யாரும் வரைவதில்லை.

லெவன். செவன்.

எழுந்துபோய் அவர் முகத்துக்கு எதிரே நின்று கேட்டேன்.
காதிலிருந்து கருவியை எடுத்து
மேசையில் இரண்டு தட்டு தட்டினார்.
பேட்டரி காலையிலேயே போய்விட்டது என்றார்.
நீங்கள் மெல்லப் பேசுகிற பெண் போலிருக்கிறது,
அதைச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

அந்த இரண்டு மணி நேரத்தைக் கிழித்துப் போட்டேன்.
அடுத்த வியாழன் மறுபடி வரச்சொன்னேன்.
நீங்கள் கையில் வைத்திருப்பது
அந்த வியாழனின் அறிக்கை.

ஆறு சதுரமும் பேசவில்லை.
ஒருவர் மைக்கைத் திறந்து, ஏதும் சொல்லாமல் மூடினார்.
ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டார்,
எனக்குத் தலையின் உச்சிதான் தெரிந்தது.

பிப்ரவரியில் நான் அவர்களை வரிசைப்படுத்தினேன்,
அவர்கள் என்னை.
இரண்டு பட்டியலையும் ஒரு கணினி
தரகர்போல வாங்கிப் பார்த்து
யாருக்கு யார் என்று சொல்லுமாம்.
மில்வாக்கியை மேலே போட்டேன், இறக்கினேன்,
ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி ஏற்றினேன்.
அங்கேதான் அந்த உச்சந்தலை.

முடிவு வரும் காலையில் எனக்கு ஒரு நோயாளி.
எண்பத்தோரு வயது, பள்ளி நூலகர்,
வார்த்தைகள் நழுவுகின்றன என்று மகன் அழைத்து வந்திருந்தான்.
போனை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.
இப்போதெல்லாம் முதல் கேள்வி இதுதான்:
என் குரல் நன்றாகக் கேட்கிறதா?

நன்றாகவே கேட்கிறது, என்றார் அந்த அம்மாள்.
உங்கள் டிராயர் உறுமுவதும் கேட்கிறது.
எடுத்துப் பார்க்கக் கூடாதா?

பதினாறு சொற்கள் சொல்வேன், என்றேன்.
கவனமாகக் கேளுங்கள்.